பொட்டு வைத்த பக்கம்

ஜனவரி 17, புதன்

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்திருந்தால் தயவுசெய்து இந்த வரியோடு மூடிவிடுங்கள். மூட முடியாவிட்டால் படியுங்கள், ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் வேண்டாம், அம்மாவிடம் வேண்டாம். தமயந்தி அக்காவிடம் காட்டினால் நான் பள்ளிக்கூடத்துக்கே போக மாட்டேன், எங்காவது போய்விடுவேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் தேடி எடுத்தவர் நல்லவராக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

என் பெயர் அம்சவேணி. ஒன்பதாம் வகுப்பு. சாமான் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். ஜூன் மாதம் வரை எனக்கென்று ஓர் அறை இருந்தது. இப்போது அதில் தமயந்தி அக்கா படுக்கிறாள். அவள் என் பெரியப்பா மகள், பிளஸ் ஒன். பெரியப்பா குன்னூர் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர், போன ஏப்ரலில் இறந்துவிட்டார். பெரியம்மா இன்னும் எஸ்டேட் குவார்ட்டர்ஸில் இருக்கிறார். அக்காவை மட்டும் படிப்புக்காக மேட்டுப்பாளையம் அனுப்பிவிட்டார்கள். "பாவம்டி, ரூமை அவளுக்கு விட்டுக் குடு" என்றார் அம்மா. கொடுத்தேன்.

இன்று காணும் பொங்கல். எல்லோரும் காரில் பவானிசாகர் போனோம். எங்கள் கார் பழைய மோரிஸ் மைனர். அப்பா பிறப்பதற்கு முன்னால் செய்தது என்பார்கள். முன் சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் எப்போதும் நான்தான் உட்காருவேன். இன்று அக்கா ஏறி உட்கார்ந்தாள். நான் அம்மாவோடும் புளிசாதத் தூக்கோடும் பின்னால் உட்கார்ந்தேன்.

சிறுமுகை தாண்டியதும் வண்டி இருமியது. இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது. அப்பா பானட்டைத் தூக்கிக் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஹீட்டாயிருச்சு, சித்த நேரம் ஆறட்டும்" என்றார். புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். ஆறியதும் ஒரே செல்ஃபில் கிளம்பியது. திரும்பி வரும்போது அதே மாதிரி மறுபடியும்.

"ஆவியே வரலியே சித்தப்பா. ஹீட்டுன்னா தண்ணி கொதிக்கணுமில்ல?" என்றாள் அக்கா.

"அட, ஆமா கண்ணு!" என்றார் அப்பா.

என்னைத்தான் கண்ணு என்பார்.

ஜனவரி 19, வெள்ளி

மாதக் கடைசிக்குள் பெரியம்மா குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டுமாம். பெரியம்மாவுக்குப் பஸ்ஸில் மலை இறங்கினால் வாந்தி நிற்காது. அதனால் 28-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அப்பா காரிலேயே போய்க் கூட்டிவருவதாகக் கடிதம் போட்டுவிட்டார். அதற்குள் வண்டி சரியாக வேண்டும்.

மெக்கானிக் துரைராசண்ணன் வந்து பார்த்தார். அவர் லாரிக்காரர். அப்பா கணக்கெழுதும் கிழங்கு மண்டியில் லாரிகளை அவர்தான் பார்ப்பார். "வாட்டர் பம்பு போயிருக்குமுங்க. மாத்திப் போடுங்க, குதிரையாட்ட ஓடும்" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஜனவரி 20, சனி

டார்ச் இப்போது என்னிடம் இல்லை.

நான் எழுதுவது புரியாமல் போகலாம். அப்பா மண்டியிலிருந்து வந்தபிறகு இருட்டில்தான் வண்டி வேலை பார்ப்பார். நான் மூன்றாவது படிக்கும்போதிலிருந்து டார்ச் பிடிப்பது நான். எங்கே வெளிச்சம் வேண்டும் என்று அப்பா சொல்லவே வேண்டாம், அவர் கை போகும் இடத்துக்கு முன்பே நான் அடித்துவிடுவேன். ஆனால் ஒருநாளும் ஸ்பேனரைத் தொட விட்டதில்லை. "கை நசுங்கிரும்" என்பார்.

இன்று நான் டீ கொண்டுபோனபோது அப்பா டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். அப்பா! புது பம்ப்பை மாட்டி, அதன்மேல் ஃபேனை வைத்து, நான்கு போல்ட்டையும் முறுக்கிக்கொண்டிருந்தது தமயந்தி அக்கா. மூக்கில் கிரீஸ்.

"பாரு வேணி, எப்படி முறுக்கறா பாரு. அவங்கப்பன் கை."

"டீ ஆறுது" என்றேன்.

"உனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமா பாப்பா?" என்று அக்கா கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். வேண்டுமென்றேதான் கேட்டாள்.

"எனக்குப் பரீட்சை இருக்கு" என்று வந்துவிட்டேன். பரீட்சை இல்லை.

ஜனவரி 21, ஞாயிறு

வண்டி இன்றும் நின்றது. நெல்லித்துறை ரோட்டில். பம்ப் மாற்றியும் நின்றது என்பதில் எனக்குச் சந்தோஷம். கெட்ட எண்ணம்தான், இங்கே தானே எழுதுகிறேன்.

ஆனால் சந்தோஷம் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. அக்கா இறங்கி, பிளக்குக்குப் போகும் ஒயர் ஒன்றைக் கழற்றி, நுனியை எஞ்சின் இரும்புக்குப் பக்கத்தில் காட்டி, "செல்ஃப் அடிங்க சித்தப்பா" என்றாள். நீலமாக ஒரு பொறி குதிக்க வேண்டுமாம். குதிக்கவில்லை. பெட்ரோல் வாசம் மட்டும் வந்தது.

"பெட்ரோல் வருது, கரண்ட்டு வரல. காயில் சூடானா செத்துப்போகுது, ஆறினா பொழைச்சுக்குது" என்றாள். பிளக்குக்குக் கரண்ட் அனுப்பும் டப்பாதான் காயில். நம்பாமல் அப்பா அதைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். அக்கா அம்மாவின் கைக்குட்டையைத் தண்ணீர்ப் பாட்டிலில் நனைத்துக் காயில்மேல் சுற்றினாள். கொஞ்சம் பொறுத்துச் செல்ஃப் அடித்தால் உடனே பிடித்துக்கொண்டது.

அப்பா நடுரோட்டில் நின்று கைதட்டினார். ரோட்டோரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கூடத் தட்டினார்.

"இது உனக்கெப்படித் தெரியும்?" என்று அம்மா கேட்டார்.

"அப்பாவுக்கு ஒருக்கா மரப்பாலத்துல இப்படித்தான் நின்னுச்சு. நான் கூட இருந்தேன்" என்றாள். பிறகு வீடு வரும்வரை பேசவே இல்லை. கெட்டிக்காரத்தனம் காட்டியபிறகு என்ன பேச்சு வேண்டிக்கிடக்கிறது?

இந்தக் கார் பெரியப்பா வாங்கியதுதான். எஸ்டேட்டில் நிறுத்த இடமில்லை, பனியில் துருப்பிடிக்கிறது என்று எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே எங்கள் ஷெட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார். லீவுக்கு வந்தால் ஓட்டுவார். மற்ற நாளெல்லாம் துடைத்தது யார்? நான்தான்.

ஜனவரி 22, திங்கள்

புதுக் காயில் வாங்கி மாட்டியாயிற்று. வண்டி இப்போது நிற்பதில்லை. அப்பா வாசலில் துரைராசண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார், நான் ஜன்னல் ஓரம் கேட்டேன்.

"நீயும் நானும் தண்ணியப் பாத்துட்டு இருக்கறோம், அவ கரண்ட்டப் பாக்கறா. இந்த மலையேத்தம் மட்டும் நல்லபடியா முடியட்டும். பதினெட்டு வயசானதும் சாவிய அவ கையிலயே குடுத்தர்றேன்."

"உங்க பொண்ணு கோவிச்சுக்கப் போகுதுங்க."

"வேணியா? அவளுக்கு வண்டின்னா பயம்."

எனக்குப் பயம்தான். எஞ்சின் சத்தம் பயம், இருட்டு பயம், பல்லி பயம். ஆனாலும் நான்தான் அதைத் துடைத்தேன்.

மாலையில் ஷெட்டுக்குப் போனால் அக்கா காருக்குள் தனியாக உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. ஸ்டீயரிங்மேல் நெற்றியை வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, "ஹாரன் வேலை செய்யுதான்னு பாத்தேன்" என்றாள். ஹாரன் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. இப்போதே சொந்தக்காரி மாதிரி உட்கார்ந்து பழகுகிறாள். கண் சிவந்திருந்தது. ஷெட்டில் தூசி.

ஜனவரி 23, செவ்வாய்

எனக்கு ஒன்று தெரியும். எனக்கு மட்டும் தெரியும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து வண்டியைத் துடைத்தேன். அதையாவது யாரும் பிடுங்கவில்லை. பானட்டைத் திறந்து உள்ளேயும் துடைத்தேன். பொங்கலன்று வண்டிக்குப் பூசை போடும்போது நான் எல்லா இடத்திலும் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். ஸ்டீயரிங், நான்கு சக்கரம், பேட்டரி, கடைசியில் ஃபேன் இறக்கை ஒவ்வொன்றிலும். ரேடியேட்டர் பக்கம் பார்த்த முகத்தில், கையை இடுக்கில் விட்டு, வளையல் உரச வைப்பேன். எண்ணெய்ப் பிசுக்கில் சந்தனம் நன்றாக ஒட்டிக்கொள்ளும், அடுத்த பூசை வரை போகாது.

இன்று இடுக்கில் பார்த்தேன். பொட்டு இல்லை. எஞ்சின் பக்கமாகக் குனிந்து பார்த்தேன். பொட்டுகள் எல்லாம் அங்கே இருந்தன, எஞ்சினைப் பார்த்துக்கொண்டு.

ஃபேனைத் திருப்பி மாட்டியிருக்கிறாள்.

நிச்சயமாகத் தெரிய வேண்டாமா? அப்பா வந்து எஞ்சினை ஓடவிட்டபோது, காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து முன்பக்கக் கம்பிக்கு எதிரே பிடித்தேன். ஃபேன் சரியாக இழுத்தால் தாள் அப்படியே ஒட்டிக்கொள்ளும். இது அப்பாவே காட்டிய வித்தை, சின்ன வயதில் அதைப் பார்த்துச் சிரிப்பேன். இன்று தாள் லேசாக ஆடியது. கையை எடுத்தேன். நழுவிக் கீழே விழுந்தது. காற்று வருகிறது, ஆனால் பலம் இல்லை. "வெசயாப் போனா எதிர்க்காத்தே போதும், மெதுவா ஏறும்போதுதான் ஃபேன் வேணும்" என்று அப்பா எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்.

"என்ன வேணி அங்க?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா." தாளைக் கசக்கிப் பாவாடைக்குள் சொருகிக்கொண்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். சொன்னால் அப்பா சிரிப்பார். "அட, யாருக்கும் வர்ற தப்புத்தான் கண்ணு" என்று அவளிடம்தான் சொல்வார். அவளே திருப்பி மாட்டுவாள், அதற்கும் கைதட்டுவார். மலையில் எல்லோர் முன்னிலும் வண்டி கொதிக்கட்டும். அப்போது அப்பாவே குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்வார். சாவியைப் பற்றி அப்புறம் பேசட்டும்.

ஜனவரி 24, புதன்

சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஜனவரி 25, வியாழன்

எழுத்து கோணலாக வருகிறது.

சாயங்காலம் அப்பா வண்டியை ஊட்டி ரோட்டுக்கு எடுத்தார். நானும் பின் சீட்டில் போனேன். மண்டிக்கு முன்னால் கிழங்கு லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. அவற்றின் பின்னால் ஊர்ந்தோம். நின்றோம், ஊர்ந்தோம். பானட் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது.

"இந்தத் தடவை நெசமான ஹீட்டு" என்றாள் அக்கா. அப்பா வண்டியை ஓரம் கட்டினார். அவர் கோணித் துண்டை டிக்கியில் தேடுவதற்குள் அக்கா தாவணித் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினாள்.

திறக்காதே என்று கத்த எனக்கு நேரம் இருந்தது. எல்லோரையும்விட எனக்குத்தான் நேரம் இருந்தது. ஆவியைப் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரியுமே. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

புஸ்ஸென்று ஒரு சத்தம். அவள் பின்னால் விழுந்தாள். வலது முன்கை முழுவதும் சிவந்துவிட்டது. முகம் தப்பித்தது, கொஞ்சத்தில் தப்பித்தது. மண்டி ஆட்கள் ஓடிவந்தார்கள். ஒருவர் சோடா உடைத்துக் கையில் ஊற்றினார். அப்பா, "என்ர தப்பு, என்ர தப்பு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அக்கா அழவில்லை. "தண்ணி எல்லாம் போச்சா சித்தப்பா? ஞாயித்துக்கெழமை போயிரலாமில்ல?" என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் மருந்து வைத்துக் கட்டிவிட்டார்கள்.

இப்போது சொன்னால், "எப்பத் தெரியும்?" என்று அப்பா கேட்பார். அப்பா அடிக்க மாட்டார். பேசாமல் இருப்பார். போன வருடம் ஒரு பொய்க்காக ஒரு வாரம் பேசாமல் இருந்தார். அதற்கு அடித்துவிட்டாலே தேவலை.

ஜனவரி 26, வெள்ளி

பள்ளியில் கொடி ஏற்றினார்கள். மிட்டாய் தந்தார்கள். என் மிட்டாயை அக்காவுக்குக் கொடுக்கலாம் என்று வீடு வரை கொண்டுவந்தேன்.

கூடத்தில் அம்மா அவளுக்குத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார். உருட்டி உருட்டி, மாவடு கிள்ளி வைத்து. அக்கா தலையை அம்மாவின் தோளில் சாய்த்திருந்தாள். எனக்கு அம்மா ஊட்டி எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. மிட்டாயை நானே தின்றுவிட்டேன். சமையலறையில் நின்று, மென்று, காகிதத்தைக்கூட அடுப்பில் போட்டுவிட்டேன்.

துரைராசண்ணன் வந்து சலவைச் சோடா போட்டு ரேடியேட்டரைக் கழுவினார். செங்கல் பொடி மாதிரி துருத் தண்ணீர் வந்தது. "பாத்தீங்களா, இதுதானுங்க" என்றார். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை மறித்து வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வையும் பிடுங்கிவிட்டார். "இதெல்லாம் பனி பெய்யற வெள்ளக்காரன் ஊருக்குங்க. நம்மூருக்கு எதுக்கு?"

அப்பா சிறுமுகை ரோட்டில் வேகமாக ஓட்டிப் பார்த்தார். கொதிக்கவில்லை. நேர் ரோட்டில் வேகமாகப் போனால் எப்படிக் கொதிக்கும்? எல்லோருக்கும் சந்தோஷம். தாளை யாரும் பிடித்துப் பார்க்கவில்லை.

ஜனவரி 27, சனி

நாளை விடியும்முன் கிளம்புகிறார்கள். அப்பாவும் அவளும். நான் வரக் கூடாதாம். வரும்போது பின் சீட்டில் பெரியம்மாவும் சாமான்களும் இருக்குமாம்.

மத்தியானம் சாப்பிடும்போது அப்பா அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். "வண்டி ஏத்தத்துல நின்னுச்சுன்னா ஹேண்ட் பிரேக் நிக்காது கண்ணு. நான் பிரேக்க மிதிச்சுட்டு உள்ளயே இருக்கணும். நீ வெரசா எறங்கிச் சக்கரத்துக்குக் கல்லு வெய்யி. அப்புறம் பானட்டத் தொற. இந்தத் தடவை ஆறினாத்தான் மூடி."

"அவ கையில காயமாச்சேப்பா" என்றேன்.

"இடது கையில வெப்பேன் பாப்பா. அக்கறையப் பாருங்க சித்தப்பா!" என்று அக்கா சிரித்தாள். அம்மாவும் சிரித்தார். எனக்குத் தட்டில் சோறு தெரியவில்லை. வளைவில் நிற்கும் காரையும், பின்னால் வரும் லாரியையும், கட்டுப் போட்ட கையோடு கல் தேடிக் குனியும் அவளையும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்போது ஒன்று தோன்றியது. யாரிடமும் சொல்ல வேண்டாம், நானே திருப்பி வைத்துவிடலாம். வண்டி கொதிக்காமல் ஏறிவிடும். செவ்வாய்க்கிழமையைப் பற்றி யாருக்கும் தெரிய வேண்டாம்.

ஐந்து மணிக்கு அவர்கள் மூவரும் பெரியம்மாவுக்குப் பழம் வாங்கக் கடைவீதிக்குப் போனார்கள். நான் ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஸ்பேனர் கனமாக இருந்தது. முதல் போல்ட்டுக்கே உள்ளங்கை தோல் உரிந்தது. ஆனால் வந்துவிட்டது. உண்மையாகச் சொல்கிறேன், அது கழன்று கையில் விழுந்தபோது யாராவது பார்த்திருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தது. நான்காவது அசையவே இல்லை. ஸ்பேனர்மேல் காலை வைத்து மிதித்துப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போனது. அவ்வளவு இறுக்கமாக முறுக்கியிருக்கிறாள்.

கழற்றியவற்றையாவது திருப்பி மாட்டுவோம் என்று பார்த்தேன். ஃபேன் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. துளைக்கு நேராகத் துளை வரவில்லை. குனிந்து தள்ளிக்கொண்டிருக்கும்போது வாசலில் அப்பாவின் குரல் கேட்டது. பானட்டை மெல்ல இறக்கிவிட்டு, போல்ட்டுகளைப் பாவாடை நுனியில் முடிந்துகொண்டு பின்பக்கமாக ஓடி வந்துவிட்டேன். பிறகு ஷெட்டுக்குப் போக முடியவே இல்லை. அப்பா அங்கேயே நின்று டயருக்குக் காற்றுப் பார்த்தார், பெட்டி ஏற்றினார், ஷெட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். எஞ்சினுக்கு நேற்றே எல்லாம் பார்த்தாகிவிட்டதாம், பானட்டைத் திறக்கவே இல்லை.

சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அப்பா பெரியப்பாவின் பழைய கதை ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அப்புறம் சிரிக்காமலும் துடைத்தாள். "அப்பா வண்டியிலயே போய் அம்மாவக் கூட்டிட்டு வர்றேன், அதான்" என்றாள். எப்படிச் சொல்வது?

போல்ட்டுகள் இதோ மேசைமேல் இருக்கின்றன. ஃபேன் ஒற்றை போல்ட்டில் தொங்குகிறது. முன்பிருந்தபடி என்றால் வண்டி கொதிக்க மட்டும்தான் செய்யும். இப்போது ஃபேன் பிய்த்துக்கொண்டு ரேடியேட்டரைக் கிழிக்கும். வளைவில் கிழிக்கும். அவள் பானட்டைத் திறந்து குனியும்போதுகூடக் கிழிக்கலாம். முன்பு அவள் தப்பாக இருந்தது, இப்போது என் தப்பாகிவிட்டது. இதை எழுதும்போதும், முதலில் திருப்பி மாட்டியது அவள்தானே என்றே மனசு சொல்கிறது. சனியன் பிடித்த மனசு.

ஷெட்டில் விளக்கு எரிகிறது.

இந்த ஜன்னலிலிருந்து தெரிகிறது. விடிய நேரம் இருக்கிறது, இப்போது யார்? தூக்கம் வராமல் வந்து பார்ப்பவர்கள் இந்த வீட்டில் இரண்டு பேர்தான். பானட் தூக்கும் கிறீச் சத்தம் கேட்கிறது.

இப்போது ஒரு சத்தமும் இல்லை.

விளக்கை அணைக்காமலே யாரோ வெளியே வருகிறார். படியில் கால் சத்தம். நோட்டை ஒளிக்க வேண்டும், ஆனால் முதலில் என்ன சொல்வது என்று எழுதிப் பார்த்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் அன்று போல் சத்தம் வராது.

"ஃபேன் திரும்பியிருக்கு." இல்லை, அதை முதலில் சொன்னால் அவளைக் காட்டிக்கொடுப்பது போலாகும். "போல்ட்டு எங்கிட்ட இருக்கு. வண்டிய எடுக்க வேண்டாம்." இதுதான் முதலில். அடுத்தது, "செவ்வாய்க்கெழமையே எனக்குத் தெரியும்."

வருவது அப்பாவாக இருக்கட்டும் என்று ஆசையாக இருக்கிறது. ஒரு வாரமோ ஒரு மாதமோ பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. அவளாக இருந்தால் கையிலிருக்கும் அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும். அவள் அதற்கும் ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடுவாள், எனக்கு அதைத் தாங்க

தட்டுகிறார்கள். போல்ட்டை எடுத்துக்கொண்டு திறக்க